நாலாம் மாடியில் ஒரு கறுப்புப் பட்டை

நாலாம் மாடியில் மெரின் ஹாஸ்கினும் லயல் நோஸ்கியும் பேசிக்கொள்வதில்லை என்பது அடிலெய்டில் ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிற எல்லோருக்கும் தெரியும். மெல்பர்னிலும் தெரியும். சியாட்டிலில் ஒரு மாநாட்டு விருந்தில் இருவரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துவிட்டு, அன்று முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டே திரிந்த ஒரு அம்மாளைப் பற்றி இன்னமும் பரிதாபத்தோடுதான் பேசுகிறார்கள்.

மெரின் கிழக்கு வரிசை, நோஸ்கி மேற்கு வரிசை. நடுவில் வெறும் நடைபாதைதான். ஆனாலும் தேநீர் அறையில் இரண்டு கெட்டில்கள், குளிர்பெட்டியில் இரண்டு பால் புட்டிகள், புட்டியின் மேல் பால் எவ்வளவு மிச்சம் என்று பேனாவால் போட்ட கோடு. யாருடைய கட்டுரையாவது பத்திரிகையில் ஏற்கப்பட்டால் தவளை வடிவத்தில் பச்சைச் சர்க்கரை பூசிய கேக் வாங்கிவந்து எல்லோருக்கும் வைப்பது அந்தக் கட்டிடத்து வழக்கம். நோஸ்கி பக்கத்திலிருந்து கேக் வருகிற அன்று மெரினின் ஆட்கள் அத்தனை பேருக்கும் ஒன்றாகச் சர்க்கரை ஒத்துக்கொள்ளாமல் போய்விடும்.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் இருவரும் ஒரே பெஞ்சில் முழங்கை இடித்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள். ரத்தச் செல்லின் மேல்தோலில் ஒரு வாய் இருக்கிறது, வெளியிலிருந்து வரும் ஒரு வளர்ச்சிப் புரதம் அந்த வாயில் ஒட்டினால் உள்ளே ஒரு விசை விழுகிறது, விசை விழுந்தால் 'பெருகு' என்று செல்லுக்கு உத்தரவு போகிறது என்பதை இருவரும் சேர்ந்துதான் உலகத்துக்குக் காட்டினார்கள். கட்டுரை அச்சானபோது மெரின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். இந்தத் தொழிலில் பெயர் வரிசையில் கடைசியாக வருகிறவர்தான் வீட்டுச் சொந்தக்காரர். நடுவில் வருகிறவர்கள் எல்லாம் குடித்தனக்காரர்கள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மெரின் பத்திரிகையைப் பிரித்தபோது கடைசியில் இருந்தது நோஸ்கியின் பெயர். அவள் பெயர் அதற்கு முன்னால், தலையில் ஒரு நட்சத்திரக் குறியோடு. இவரும் சமமாக உழைத்தவர் என்று கீழே பொடி எழுத்தில் விளக்கம். நட்சத்திரத்தை எவன் படிக்கிறான் என்று அவள் கேட்டதாகவும், படிக்கிறவன் படிப்பான் என்று அவன் சொன்னதாகவும் ஒரு கட்சி. அவன் பதிலே சொல்லாமல் குழந்தைக்கு என்ன எடை என்று விசாரித்ததாக இன்னொரு கட்சி. அந்தக் குழந்தை இப்போது சிட்னியில் சட்டம் படிக்கிறது. சண்டையும் நல்ல ஊட்டத்தோடுதான் வளர்ந்திருக்கிறது.

பாகப்பிரிவினையில் உறைபெட்டியில் இருந்த செல்களும் பாதிப் பாதியாகப் பிரிந்தன. ஒரே நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த புற்றுச் செல்கள். அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகியும் குடுவைகளில் பெருகிக்கொண்டே இருப்பவை. அவற்றை வைத்து மெரின் தன் பெரிய கண்டுபிடிப்பைச் செய்தாள். இந்தச் செல்களில் வெளியிலிருந்து புரதம் எதுவும் வராமலே விசை விழுந்து கிடக்கிறது, பழுதான அழைப்பு மணி யாரும் அழுத்தாமலே அடிப்பது போல, அதனால்தான் இவை அடங்காமல் பெருகுகின்றன என்றாள். அந்தப் பழுதான விசையை மட்டும் தேடிப்போய்க் கவ்விக்கொள்ளும் ஒரு மருந்தையும் வேதியியல்காரர்களோடு சேர்ந்து உருவாக்கினாள். வானொலியில் பேசினாள். பேட்டியாளர் கண்ணீர் விட்டதாகக் கேள்வி.

நோஸ்கி அதே செல்களை வைத்து அதே சோதனையைச் செய்து, விசை சும்மாதான் கிடக்கிறது, இந்த நோய்க்கும் அந்த விசைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எழுதினான். சோதனை என்பது இவ்வளவுதான்: செல்களைக் கழுவி, வளர்ச்சிப் புரதம் இல்லாத வெறும் திரவத்தில் ஓர் இரவு பட்டினி போட்டு, பிறகு உடைத்து, உள்ளே இருப்பதைப் பிரித்து ஒரு வெள்ளைத் தாளில் பார்ப்பது. விசை விழுந்திருந்தால் ஒரு கறுப்புப் பட்டை தெரியும். இல்லாவிட்டால் வெறும் வெள்ளை. மெரினின் தாளில் எப்போதும் பட்டை. நோஸ்கியின் தாளில் எப்போதும் வெள்ளை. இருவரும் பத்திரிகைகளில் மிக நாகரிகமான சொற்களால் ஒருவரையொருவர் பொய்யர் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அது அப்படியே போயிருந்தால் இருவரும் ஓய்வு பெற்று, தனித்தனிக் கடற்கரைகளில் வீடு வாங்கி நிம்மதியாகக் கரித்துக்கொட்டிக்கொண்டு இருந்திருப்பார்கள். ஆனால் இந்த வருடம் பக்கத்து ஆஸ்பத்திரி மெரினின் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க முன்வந்தது. ரத்தநோய்ப் பிரிவின் டாக்டர் கார்லா மரேட்டி, மற்ற சிகிச்சைகளெல்லாம் கைவிட்ட சிலரிடம் பேசிச் சம்மதமும் வாங்கிவிட்டாள். மெரினுக்கு இது ஆயுள் முழுக்கச் செய்த வேலைக்குக் கிடைத்த ஒரே பிடி. மருந்து ஒரு நோயாளிக்குள் போகாதவரை, அவள் செய்ததெல்லாம் தாளில் கறுப்பு வரவழைத்தது மட்டும்தான். அது அவளுக்கே தெரியும். இந்த வாய்ப்பு போனால் அடுத்தது வருவதற்குள் அவளுக்கு ஓய்வுபெறும் வயது தாண்டிவிடும்.

சரியாக அந்த நேரம் பார்த்து நோஸ்கி அனுமதிக் குழுவுக்கு ஒரு கடிதம் போட்டான். இந்த மருந்துக்கு அடிப்படையான கண்டுபிடிப்பை அடுத்த அறையில்கூடத் திரும்பச் செய்து காட்ட முடியவில்லை, மனிதர்களுக்குக் கொடுக்கும் முன் யோசியுங்கள் என்று.

நிறுவனத் தலைவி ஐல்சா பெத்தரிக் இருவரையும் அழைத்தாள். ஐல்சாவுக்கு யார் சரி என்பதில் பெரிய அக்கறை கிடையாது. நாலாம் மாடியிலிருந்து ஒரு மருந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் வாசலில் பெயர்ப்பலகையைப் பெரிதாக்கலாம் என்பதில் அக்கறை உண்டு. ஆனால் கடிதம் வந்துவிட்டது, மூடி மறைக்க முடியாது.

"ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல, ஒரே செல்லை வச்சு, ஒரே நாள்ல பண்ணுங்க. பட்டை வந்தா மருந்து போகுது. வரலன்னா போகல. இதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்காதீங்க" என்றாள்.

தன் ஆட்கள் செய்வார்கள் என்று மெரின் சொன்னாள். நோஸ்கி அவள் பக்கம் திரும்பாமலே ஐல்சாவைப் பார்த்துச் சொன்னான்: "அவ ஆளுங்க செஞ்சா அவளுக்கு வேண்டியதுதான் வரும். அவளே செய்யட்டும். நானும் என் கையாலயே செய்யறேன்."

"பிப்பெட்டை எந்த முனையில பிடிக்கணும்னு ஞாபகம் இருக்கான்னு கேளுங்க ஐல்சா."

"அவளைவிட நல்லாவே இருக்குன்னு சொல்லுங்க."

ஐல்சா எதையும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. கதவைத் திறந்துவிட்டாள்.

புதன்கிழமை கிழக்கு வரிசையில் வேலையே நடக்கவில்லை. ஆளாளுக்கு எதையோ எடுக்க வந்தது போல அந்தப் பெஞ்சைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நோஸ்கியின் வெள்ளை அங்கி வயிற்றுக்கு மேல் பொத்தான் பூட்ட மறுத்தது. மெரின் மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே பெஞ்சு முழுக்கத் தேடினாள். மெரினிடம் ஏழு வருடமாக இருக்கும் ஆராய்ச்சியாளர் டாம்சின், சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு முறை வெளியே போய்விட்டு வந்தாள்.

செல்கள் மெரினின் குடுவையிலிருந்து எடுக்கப்பட்டன. கழுவியதும் இருவரும் தத்தம் பங்கைப் பட்டினித் திரவத்தில் விட்டார்கள். மெரின் சின்னக் குடுவையில் செல்களை நெருக்கமாகப் போட்டாள். அவள் கை எப்போதும் அப்படித்தான். தனித்தனியாக விட்டால் சுணங்கிப்போகும் என்று ஆரம்ப நாளிலிருந்து ஒரு நம்பிக்கை. அவளிடம் படித்தவர்கள் எல்லோருக்கும் அதுவே பழக்கமாகிவிட்டது. நோஸ்கி ஒரு பெரிய குடுவையை எடுத்து, அதில் ஒரு சிட்டிகை செல்லைத் தூவியது போல விட்டான். கொஞ்சம் செல்லில் நிறையச் சோதனை பார்க்க வேண்டும் என்கிற சிக்கனம் அவனுடையது.

அதைப் பார்த்ததும் மெரினால் வாயை அடக்க முடியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அவனிடம் நேராகப் பேசாதவள் நேராகவே கேட்டாள்.

"நீ சூப் வைக்கிறியா, பாத்திரம் கழுவறியா?"

நோஸ்கி நிமிரவில்லை. "பட்டினின்னா பட்டினியா இருக்கணும். உன்னை மாதிரி மந்தையா அடைச்சு வச்சா எது எதைத் தின்னுச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"என் செல்லு ஒண்ணும் உன் ஆளுங்க இல்ல, ஒண்ணையொண்ணு தின்னறதுக்கு."

டாம்சின் மூன்றாவது முறை வெளியே போனாள்.

வெள்ளிக்கிழமை ஐல்சாவின் முன்னிலையில் தாளைப் பார்த்தார்கள். மெரினின் பக்கத்தில் மை கொட்டியது போல ஒரு கறுப்புப் பட்டை. நோஸ்கியின் பக்கத்தில் ஒன்றுமில்லை. செல்களை உடைத்து எடுத்ததை இருவரும் சம அளவில்தான் தாளில் ஏற்றியிருந்தார்கள். அதற்கும் ஒரு சரிபார்ப்புப் பட்டை உண்டு, அது இருவரிடத்திலும் ஒன்றுபோலவே இருந்தது.

நோஸ்கி மோசடி என்ற சொல்லைப் பயன்படுத்தினான். மெரின் கொலை என்ற சொல்லைப் பயன்படுத்தினாள், பட்டினி போடுகிறேன் என்று செல்லைக் கொன்றுவிட்டான் என்ற பொருளில். ஐல்சா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பேரில் ஒருவருக்குப் பட்டை வந்திருக்கிறது, வரவழைக்க முடிகிறது என்பதுதானே கேள்வி, திங்கட்கிழமை காலை குழுவுக்குச் சம்மதம் எழுதிவிடலாம் என்று முடித்துவிட்டாள்.

"சந்தோஷமா இரு, மேட்" என்று நோஸ்கி கதவருகே நின்று சொன்னான். அந்த ஊரில் சிநேகிதனைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லை அந்தக் குரலில் மதுக்கடை வாசலில் சொல்லியிருந்தால் யாராவது போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள். "உன் மருந்தைப் போட்டுக்கிட்டு எவனாவது செத்தா, என் லெட்டரை எடுத்துப் படி."

மெரின் ஜெயித்துவிட்டாள். வீட்டுக்குப் போய் நல்ல சிவப்பு ஒயின் ஒன்றைத் திறந்தாள். பாதி கிளாஸில் அவளுக்கு உறுத்தத் தொடங்கியது. அவன் செல்கள் சாகவில்லை. உடைப்பதற்கு முன் எண்ணியபோது அவளும் பக்கத்தில் நின்று பார்த்தாளே, எல்லாம் உயிரோடுதான் இருந்தன. கொலை என்று சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். சரி, சாகவில்லை. ஒரே செல், ஒரே திரவம், ஒரே பெஞ்சு. அவள் கண்ணெதிரே அவன் எந்தத் தில்லுமுல்லும் செய்யவில்லை. தானும் செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அவள் நெருக்கமாக விட்டாள், அவன் தள்ளித்தள்ளி விட்டான்.

எது எதைத் தின்னுச்சுன்னு யாருக்குத் தெரியும்.

அவனுடைய வசவைப் போய் யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு ஒயின் கசந்தது. அப்போதே காரை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய், தன் குடுவையிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்து, நோஸ்கி செய்தது போலவே பெரிய குடுவைகளில் தூவி, இன்னும் கொஞ்சத்தைத் தன் வழக்கப்படி சின்னக் குடுவைகளில் நெருக்கிப் போட்டு, எல்லாவற்றையும் பட்டினி போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, போர்ட், க்ரோஸ் என்ற இரண்டு உள்ளூர் அணிகளும் மோதுகிற கால்பந்து நாள். ஊரில் பாதி மைதானத்தில், மீதி தொலைக்காட்சிக்கு முன்னால். கட்டிடத்தில் மெரினைத் தவிர யாருமில்லை. எது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் தன் ஆய்வகத்திலேயே திருடி மாதிரி இழுப்பறைகளைத் திறந்து திறந்து மூடினாள். நெருக்கமாகப் பட்டினி கிடந்த ஒரு குடுவையிலிருந்து செல்களை நீக்கிவிட்டு, அவை மிச்சம் வைத்த திரவத்தை மட்டும் எடுத்தாள். அந்த எச்சில் தண்ணீரை, தள்ளித்தள்ளிக் கிடந்த செல்களின் மேல் கொஞ்சம் விட்டாள். இன்னொரு பக்கம், நெருக்கமான மற்றொரு குடுவையில் செல்லின் வாயை வெளியிலிருந்து அடைக்கிற ஓர் ஆன்டிபாடியைச் சேர்த்தாள். எல்லாவற்றையும் உடைத்து, பிரித்து, தாளில் ஏற்றி ஊறவைத்துவிட்டுப் போனாள். வெளியே கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்தால் யாரோ ஜெயித்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தாள் சொல்லிவிட்டது. தள்ளித்தள்ளிக் கிடந்த செல்களில் சும்மா விட்டவை வெள்ளை. எச்சில் தண்ணீர் பட்டவற்றில் கறுப்புப் பட்டை. நெருக்கமான செல்களின் வாயை அடைத்த இடத்தில், அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்து வந்த பட்டை இருந்த இடத்தில், வெறும் வெள்ளை.

விசை பழுதாகவில்லை. இந்தப் புற்றுச் செல்கள் வளர்ச்சிப் புரதத்தைத் தாங்களே துளித்துளியாகச் செய்து வெளியே துப்புகின்றன. நெருக்கமாக இருந்தால் ஒன்று துப்பியது இன்னொன்றின் வாயில் படுகிறது. விசை ஒழுங்காக, அழுத்தப்பட்டுத்தான் விழுகிறது. தள்ளித்தள்ளி இருந்தால் துப்பியது தண்ணீரில் கரைந்து போகிறது. அவள் பார்த்த மணி பழுதான மணி அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கள் மாறி மாறி வந்து அழுத்திக்கொண்டிருந்த மணி. பழுதான விசையைக் கவ்வுகிற மருந்துக்கு இங்கே கவ்வ ஒன்றுமே இல்லை. குடுவையில் அது செல்லைக் கொன்றது உண்மைதான். அந்த அளவு ஊற்றினால் வினிகரும் கொல்லும்.

மறந்து விட்டுப்போன பையை எடுக்க வந்த டாம்சின், அவள் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தோளுக்கு மேலாக எட்டித் தாளையும் பார்த்தாள். விளக்கம் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏழு வருடமாக அதே பட்டையைத்தான் அவளும் பார்க்கிறாள்.

"யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

டாம்சின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். குரல் நிதானமாக இருந்தது. நாளைக்குத் தாங்கள் இருவரும் யாரிடமும் பொய் சொல்லப்போவதில்லை என்றாள். கேட்டது பட்டை வருகிறதா என்று, பட்டை வருகிறது. ஏன் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. மருந்து போகட்டும், வேலை செய்யவில்லை என்றால் அங்கேயே தெரிந்துபோகும், எத்தனையோ மருந்துகள் அப்படித்தான் தோற்கின்றன, யாரையும் தூக்கில் போடுவதில்லை.

"கார்லாவோட ஆளுங்க?" என்று மெரின் கேட்டாள்.

"அவங்களுக்கு வேற எதுவும் இல்ல, மெரின். அது உங்களுக்கும் தெரியும்."

"வேற எதுவும் இல்லாதவனுக்கு எதை வேணும்னாலும் கொடுக்கலாமா?"

"எனக்கும் வேற எதுவும் இல்ல." டாம்சின் எழுந்தாள். "என் அடுத்த அஞ்சு வருஷம் இந்தப் பட்டைக்கு மேலதான் நிக்குது. வீட்டுக் கடன், ஸ்கூல், எல்லாம். நீங்க ரிடயர் ஆயிடுவீங்க. நான் நோஸ்கிகிட்டயா போய் வேலை கேக்கறது?"

டாம்சின் பையை எடுத்துக்கொண்டு போனாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால் மெரினுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சாத்தினாள்.

திங்கட்கிழமை காலை ஐல்சாவின் அறையில் சம்மதக் கடிதம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. நோஸ்கி தோற்றவன் என்ற முறையில் ஜன்னலோரம் நின்றிருந்தான். மெரின் தாளை மேஜையில் வைத்து, ஒவ்வொரு பட்டையாக விரலால் தொட்டுச் சொன்னாள். குரல் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை என்று பிற்பாடு ஐல்சாவே வெளியில் சொல்லியிருக்கிறாள், அதையும் ஒரு குறையாக.

ஐல்சா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: "இதை நீ கையெழுத்துக்கு அப்புறம் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?"

"முன்னாடியே கண்டுபிடிச்சுட்டேன்."

"ஒரு மாசம் கழிச்சுத் திரும்பப் பண்ணிப் பார்த்து உறுதி செஞ்சுக்கலாமே. அவசரப்பட்டு ஒரே தடவை பார்த்ததை வச்சு..."

"அந்த ஒரு மாசத்துல கார்லா ஊசி போட ஆரம்பிச்சிருப்பா."

நோஸ்கி ஜன்னலை விட்டு வந்தான். அவன் முகத்தில் வெற்றி வந்து உட்காரத் தொடங்கியிருந்தது. "நான்தான் சொன்னேனே. பன்னிரண்டு வருஷமா சொல்றேன். விசை விழல. சொன்னேனா இல்லையா, ஐல்சா?"

மெரின் இதற்காகத்தான் காத்திருந்தாள்.

"விசை விழுது, லயல். எச்சித் தண்ணி பட்டா விழுது, நெருங்கி இருந்தா விழுது. நோயாளியோட எலும்புக்குள்ள செல்லுங்க என்ன பெரிய மைதானத்துலயா திரியுது? இடிச்சுக்கிட்டுதான் கிடக்குது. இந்த நோய்க்கும் விசைக்கும் சம்பந்தமே இல்லன்னு நீ எழுதினியே, அத்தனையும் தப்பு. நான் காரணத்தைத்தான் தப்பாச் சொன்னேன். நீ நோயையே தப்பாச் சொன்ன. நீ சொன்னதை நம்பி எத்தனை பேர் இந்த வேலையையே விட்டுட்டுப் போனாங்க தெரியுமா?"

நோஸ்கி தாளை எடுத்தான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெற்றி வந்த வழியே இறங்கிப் போனது. அப்போது அவன் முகம் போன போக்கு அவளுக்கு எவ்வளவு இனித்தது என்பதை மெரின் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. தேநீர் அறையில் இரண்டு கட்சிகள் உடனே தோன்றிவிட்டன: உண்மைக்காகத் தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொண்டாள் என்று ஒன்று, நோஸ்கியையும் சேர்த்து மூழ்கடிப்பதற்காகவே படகில் ஓட்டை போட்டாள் என்று இன்னொன்று. இரண்டாம் கட்சிக்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. ஆனால் மெரினுக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளைப் பார்த்தபோது முதலில் அவள் நினைத்தது தன் மருந்தை. இரண்டாவதாக நினைத்தது நோஸ்கியை. கார்லாவின் நோயாளிகள் மூன்றாவதாகத்தான் வந்தார்கள்.

கடிதம் கிழிக்கப்பட்டது. ஐல்சா கிழிக்கவில்லை, மெரினையே கிழிக்கச் சொன்னாள்.

அறைக்குத் திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். மறுமுனையில் யாரோ தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு போவது கேட்டது.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே மாடியிலதானே இருக்கீங்க?" என்று கேட்டாள் கார்லா மரேட்டி.

"ஆமா."

"ஒருத்தர் எப்படிப் பண்றாங்கன்னு இன்னொருத்தர் பன்னிரண்டு வருஷத்துல ஒரு தடவைகூடக் கதவைத் திறந்து பார்க்கல."

மெரின் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

"எனக்கு எதுவும் விளக்க வேண்டாம். சம்மதம் கொடுத்தவங்க இங்க நாற்காலியில உக்காந்திருக்காங்க. ஒருத்தர் மவுன்ட் காம்பியர்லேருந்து அஞ்சு மணி நேரம் காரோட்டிட்டு வந்திருக்கார். நான் சொல்ல மாட்டேன், மெரின். நீ வந்து சொல்லு. இப்பவே வா. அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கிட்டு வராத."

மெரின் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். டாம்சினின் பெஞ்சைக் கடந்துதான் போக வேண்டும். டாம்சின் கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. திரையில் இருந்தது மெல்பர்னில் ஒரு வேலைக்கான அறிவிப்பு. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

லிஃப்ட் கதவு மூடப்போகிற நேரத்தில் ஒரு கை உள்ளே வந்தது. நோஸ்கி. உள்ளே இருப்பது யார் என்று பார்த்த பிறகும் பின்வாங்கவில்லை. இருவரும் கதவைப் பார்த்தபடி நின்றார்கள். அந்த லிஃப்ட் அந்தக் கட்டிடத்தைப் போலவே அவசரம் தெரியாதது.

மூன்றாம் மாடி கடந்தது.

"அந்தக் குடுவைத் தண்ணி எனக்குக் கொஞ்சம் வேணும்" என்றான், கதவிடம்.

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியும். நான் எழுதினதெல்லாம் ஒண்ணொண்ணா திரும்பப் பாக்கணும். மத்தவன் பாக்கறதுக்கு முன்னாடி."

"அச்சுல வந்தப்புறம் கேளு, தர்றேன். எல்லாருக்கும் அதுதானே வழக்கம்."

"அதுக்கு ஒரு வருஷம் ஆகும்."

"ஆகும்."

இரண்டாம் மாடியில் லிஃப்ட் நின்றது. யாரோ ஏற வந்தவர்கள் இருவரையும் பார்த்துவிட்டு, படியிலேயே போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். கதவு மூடிக்கொண்டது.

"கெஞ்சணுமா?" என்றான் நோஸ்கி.

"கெஞ்சினாலும் தர மாட்டேன். உன் உறைபெட்டியில இருக்கறதும் அதே செல்லுதான். நெருக்கி வச்சு வளத்துப் பாரு. அதுங்களே துப்பும்."

அவன் அதை யோசிக்கவில்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. அவன் வெளியே வராமல் மறுபடி நான்கை அழுத்தினான்.

மெரின் தெருவைக் கடந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் கார்லா மரேட்டி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே வா என்றுகூடச் சொல்லாமல் திரும்பி முன்னால் நடந்தாள். மெரின் பின்னால் போனாள்.